பதினோரு மணி நேர மங்கல்

கடைசிக் குழந்தையும் இறங்கிய பிறகு, அவள் பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங்கை விட்டெழுந்து பின்னிருக்கை வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வருவாள். தூக்கம் கலையாத குழந்தை எதுவும் இருக்கைக்கடியில் சுருண்டு கிடக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. பதினாறு வருடங்களில் அப்படி இரண்டே முறைதான் நடந்திருக்கிறது. மற்ற நாட்களில் கிடைப்பதெல்லாம் தண்ணீர்ப் பாட்டில், ஒற்றைச் சாக்ஸ், நுனி கடிபட்ட பென்சில். ஒருநாள் ஜன்னலோரம் ஒரு பால்பல் கிடைத்தது. யாருடையது என்று கேட்டுப் பார்த்தாள்; வாயில் ஓட்டை உள்ள ஒன்பது பேரும் தன்னுடையது இல்லை என்று சாதித்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், பல்செட் கட்டும் தன் கணவரிடம் காட்டினாள். அவர் அதைப் பூதக்கண்ணாடிக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நமக்கு வர்ற ஆளுங்களுக்கு இந்த சைஸ் ஆகாதும்மா" என்றார்.

சோதித்து முடித்ததும் பேருந்தை விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறைக்கும் மதிலுக்கும் நடுவே நிறுத்துவாள். ஒன்பதே காலிலிருந்து மூன்று மணி வரை அவளுக்கு வேலை கிடையாது. மற்ற ஓட்டுநர்கள் காவலாளியின் அறையில் சீட்டாடுவார்கள். அவளும் ஆரம்பத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள். ஜெயித்தவனும் கத்தினான், தோற்றவனும் கத்தினான். தலைவலி வந்ததுதான் மிச்சம். இப்போது மூன்றாவது வரிசையில் நிழல் விழும் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் நட்சத்திரம் பார்ப்பாள்.

இது தொடங்கி நான்கு வருடமாகிறது. ஒரு மாலை, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது ரேடியோவில் ஒரு பெண் ஆய்வாளர் பேசிக்கொண்டிருந்தார். விண்வெளியில் ஒரு தொலைநோக்கி சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை ஒரே சமயத்தில் உற்றுப் பார்த்து, ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் அளந்து, புள்ளி புள்ளியாக வரைந்து அனுப்புகிறது. நம் சூரியனுக்கு இருப்பதைப்போல அந்த நட்சத்திரத்துக்கும் ஒரு கிரகம் இருந்து, அது குறுக்கே கடந்து போனால், தெருவிளக்கின் முன்னால் ஒரு பூச்சி பறந்ததுபோல வெளிச்சம் துளி குறையும். புள்ளிகள் கீழே இறங்கும். கடந்து முடிந்ததும் மறுபடி ஏறிக்கொள்ளும். இதைக் கணினியே தேடும்தான், ஆனால் ஒரே மாதிரி இரண்டு மூன்று முறை வந்தால்தான் அதற்கு உறைக்கும். எப்போதோ ஒருமுறை வருவதை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும். எங்கள் இணையதளத்துக்கு வந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், படிப்பெல்லாம் தேவையில்லை என்று அவர் சொன்ன இடத்தில்தான் அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

இணையதளத்தில் ஒரு புனைபெயர் கேட்டார்கள். அவள் 'மூணாம்கியர்' என்று கொடுத்தாள். பள்ளிப் பேருந்தின் வாழ்க்கை பெரும்பாலும் மூன்றாம் கியரில்தான் போகிறது. அதற்கு மேல் போட வேகத்தடைகள் விடாது, கீழே போடப் பின்னால் வருகிறவர்கள் விடமாட்டார்கள். நான்கு வருடங்களில் எத்தனை ஆயிரம் படங்கள் பார்த்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இருக்காது. வெறும் புள்ளிகள், மணல் கொட்டினாற்போல. அந்த ஒன்றுமில்லாமை அவளுக்குப் பிடித்திருந்தது. காலை முழுவதும் அறுபது குழந்தைகளின் கூச்சலைக் கேட்ட காதுக்கு, எதுவும் நடக்காத ஒரு நட்சத்திரம் பெரிய நிம்மதி. சில நட்சத்திரங்களை, வேலை முடிந்த பிறகும் அடுத்ததற்குப் போக மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு ஒரு படத்தில் புள்ளிகள் சட்டென்று இறங்கின. இறங்கி, தட்டையாக ஓடி, சட்டென்று ஏறின. கிண்ணம்போல வளைந்திருந்தால் அது வேறு ஏதோ, இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைப்பது. இது தட்டுபோல இருந்தது. நூறில் ஒரு பங்கு மங்கல், பதினோரு மணி நேரம். அவள் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். நிதானமாகச் சாப்பிட்டாள், டப்பாவைக் கழுவினாள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி திருப்பிப் பார்த்தாள். மங்கல் அங்கேயே இருந்தது. சுற்றியுள்ள மற்ற நட்சத்திரங்களையும் பார்த்தாள், அவற்றில் இல்லை. குறித்துவிட்டு, "இது கிரகமாக இருக்கலாமா?" என்று ஒரு வரி எழுதினாள். நான்கு வருடங்களில் அவள் அங்கே எழுதிய முதல் வரி அது.

மூன்று வாரம் கழித்து ஆய்வாளரே போன் செய்தார். ரேடியோவில் கேட்ட அதே குரல். அவள் டீசல் பங்க்கில் நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தத் தொலைநோக்கி இதே பக்கம் பாத்தப்போ எடுத்த பழைய படத்தையும் தேடினோம்மா. அதுலயும் ஒரு மங்கல் இருக்கு. அதே ஆழம், அதே பதினோரு மணி நேரம். ரெண்டும் ஒரே கிரகம்தான்னு நினைக்கிறோம். கட்டுரை எழுதப் போறோம். கண்டுபிடிச்சவங்கன்னு உங்க பேரைப் போடலாமா?"

"என் பேரையா?"

"வேற யாரு பேரு?"

பங்க்காரர் எவ்வளவு ரூபாய்க்கு என்று இரண்டாம் முறை கேட்டார். அவள் ஃபுல் டேங்க் போடச் சொல்லிவிட்டாள். பள்ளியில் எப்போதும் பாதிதான் போடச் சொல்வார்கள்.

அதன் பிறகு பத்து நாட்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. கணவர் தன்னிடம் பல்லுக்கு அளவு கொடுக்க வந்த ஒவ்வொருவரிடமும், அவர்கள் வாயில் அச்சு மெழுகு இருக்கும்போது, பதில் பேச முடியாத சமயம் பார்த்து இதைச் சொன்னார். பள்ளி முதல்வர் காலைக் கூட்டத்தில் மேடைக்கு அழைத்துப் பாராட்டப் போவதாகச் சொன்னார். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மிஸ், அந்தக் கிரகத்துல ஸ்கூல் இருக்கா?" என்று கேட்டாள். ஓட்டுநரை அதுவரை யாரும் மிஸ் என்று கூப்பிட்டதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியூரில் வங்கி மேலாளராக இருக்கும் அக்கா போன் செய்தாள். பதினாறு வருடமாக அந்த அக்கா போனை எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் அந்த பஸ்ஸத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கியா?" என்பது. அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. "எனக்குப் புரியற மாதிரி சொல்லுடி" என்றாள். தங்கை சொல்லச் சொல்ல முக்கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டாள். போனை வைத்த பிறகு தங்கை சமையலறையில் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றாள். சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல இருந்தது.

பதினோராம் நாள், தன் நட்சத்திரத்தைப் பற்றி வேறு யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கும் ஆசை வந்தது. அந்த நட்சத்திரத்துக்குப் பெயர் இல்லை, பத்து இலக்க எண்தான். அது அவளுக்கு வண்டி நம்பரைப்போல மனப்பாடம் ஆகியிருந்தது. இணையதளத்தைப் புதுப்பித்தபோது மூடிவைத்த பழைய உரையாடல் பக்கங்கள் ஒரு மூலையில் இருந்தன. அங்கே போய் எண்ணை அடித்தாள். ஒரே ஒரு பதிவு வந்தது. எழுதியவரின் புனைபெயர் 'எட்டாம்மாடி'. தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது.

"இங்கே ஒரு மங்கல் இருக்கிறது. அடி தட்டையாக இருக்கிறது. கடக்கப் பதினோரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்றால், இது அவசரமில்லாத கிரகம். ஏழெட்டு மாதத்துக்கு ஒரு சுற்று வரும் என்று என் கணக்கு. யாராவது பாருங்கள்."

கீழே பக்கத்தை நிர்வகித்தவரின் பதில்: மங்கல் தெரியும் அந்த நாட்களில் கேமராவில் வேறு வெளிச்சம் சிதறியிருக்கிறது, நம்ப வேண்டாம். அதற்குக் கீழே எட்டாம்மாடி மறுபடி எழுதியிருந்தார்: "பக்கத்திலுள்ள பன்னிரண்டு நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டேன். அவற்றில் இந்த மங்கல் இல்லை." அதற்குப் பதில், "கணினியும் இதை ஒதுக்கிவிட்டது. அடுத்ததைப் பாருங்கள்." கடைசியாக அவர் எழுதியது ஒரே சொல். "சரி."

அவருடைய மற்ற பதிவுகளைத் தேடினாள். அந்தச் 'சரி'க்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

மூன்று மணி ஆனது. அவள் எழுந்து போய்க் குழந்தைகளை ஏற்றிக்கொண்டாள். அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஏற்றினாள், இறக்கினாள், பின்னிருக்கை வரை நடந்தாள். யாருக்கும் தெரியாது. அந்தப் பழைய பக்கங்களை யாரும் திறக்கப் போவதில்லை. முதல் மங்கலை ஆய்வாளர்தான் தேடி எடுத்தார், இரண்டாவதை அவள் பார்த்தாள். இதில் பொய் ஒன்றும் இல்லையே என்று வண்டியோட்டும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல, அக்கா முக்கால் மணி நேரம் கேட்ட அந்த மௌனம் நினைவுக்கு வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. அந்தச் 'சரி'யும் போகவில்லை. எந்தத் தொனியில் சொல்லியிருப்பார் என்று விதவிதமாக உச்சரித்துப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அது நன்றாக இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கணவர் மேசை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார். "ரெண்டு மூணு நாளா நீ என்னத் திட்டவே இல்ல. உடம்பு சரியில்லையா?"

அவள் டேப்லெட்டை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். எல்லாவற்றையும் படித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் படித்தார்.

"இந்த ஆளு அதுக்கப்புறம் வரவே இல்லையா?"

"வரவே இல்ல."

"அடப்பாவமே" என்றார். எழுந்து கைகழுவப் போய்விட்டார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது. பிளாஸ்டர் தூள் நகக்கண்ணிலிருந்து அவ்வளவு சீக்கிரம் போகாது. அவர் திரும்பி வருவதற்குள் அவள் ஆய்வாளருக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டாள். முதலில் நீளமாக எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். கடைசியில் போனது இரண்டே வரி. இதை எனக்கு முன்னால் ஒருவர் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

மறுநாள் ஆய்வாளர் அழைத்தபோது குரலில் பழைய உற்சாகம் இல்லை, வெட்கம் இருந்தது. "இது எப்படிம்மா எங்க கண்ணுல படாமப் போச்சு? ஒரே ஒரு மங்கல வச்சு ஏழெட்டு மாசம்னு சொல்லியிருக்காரு. இப்போ நாங்க போட்ட கணக்கும் அதான் சொல்லுது, இருநூத்தி நாப்பத்தேழு நாள். அவரு பேரு இல்லாம இத வெளியிடக் கூடாது. ஆனா அவரு குடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்பினா திரும்பி வருது. ஆளு யாருன்னே தெரியலையே."

ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அவருடைய பக்கத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லிஃப்டுக்குள் இருக்கும் பொத்தான் பலகையின் படம் இருந்தது. எட்டு என்ற பொத்தான் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். பொத்தான்களுக்குக் கீழே, பழுதானால் அழைக்கவும் என்று ஒரு ஸ்டிக்கர். அதில் ஒரு தொலைபேசி எண். கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்று போட்டால் ஒரு பூக்கடை எடுத்தது. எட்டுக்கு லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் எடுத்தது.

நட்சத்திரம், கிரகம் என்று அவள் தயங்கித் தயங்கி விளக்கத் தொடங்கியதுமே மறுமுனையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். "ஓ, நம்ம கிரகமா? இருங்க, இருங்க. டேய், கிரகத்துக்குப் போன்டா!" பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. கனமான ஒரு குரல் வந்து, "ஹலோ" என்றது. அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"யாரு செட் பண்ணினது? ஸ்டோர்காரனா?"

"யாரும் இல்லைங்க, நான் நிஜமாவே…"

"நல்லா நடிக்கறீங்கம்மா. எனக்கு வேலை இருக்கு." வைத்துவிட்டார். இரண்டாம் முறை அழைத்தபோது, அவர் ஏற்கனவே வெளியே கிளம்பிவிட்டதாகச் சொன்ன அந்தப் பெண், இப்போது சிரிக்கவில்லை. "அவரு ஒரு தடவை கிரகம் கண்டுபிடிச்சேன்னு ஸ்வீட் எல்லாம் வாங்கிட்டு வந்தாருங்க. அப்புறம் அது இல்லைன்னு ஆயிடுச்சு. அதுலேர்ந்து இவங்க அவர விடறதே இல்ல. நீங்க நெஜமாத்தான் கூப்பிடறீங்களா?" என்று கேட்டு, சனிக்கிழமை அவர் எந்தக் கட்டடத்தில் இருப்பார் என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

சனிக்கிழமை அவளும் கணவரும் நான்கு மணி நேரம் ரயிலில் போனார்கள். அது ஒரு பழைய அலுவலகக் கட்டடம். லிஃப்டின் கதவில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகை தொங்கியது. பழுது பார்ப்பவரைப் பார்க்கப் படியேறித்தான் போக வேண்டியிருந்தது. ஐந்தாம் மாடியில் கணவர் ஜன்னல் திண்டில் உட்கார்ந்துவிட்டார். "நீ போயிப் பேசிட்டு வா. மிச்ச மூணு மாடிய நான் இங்கேர்ந்தே நெனச்சுக்கறேன்." அவள் மட்டும் ஏறினாள். எட்டாம் மாடிக்கு மேல் ஒரு இரும்பு ஏணி, அதற்கு மேல் மொட்டைமாடியில் மோட்டார் அறை. உள்ளே கிரீஸ் வாசனையும் வெக்கையும். ஆளுயரச் சக்கரம் ஒன்றில் எஃகுக் கயிறுகள் தொங்கின. அதன் பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர், கயிற்றில் கட்டிய கண்ணாடி மார்பில் ஊசலாட, குந்தி உட்கார்ந்து ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்கி முடித்தார், எழுந்தார், திரும்பவும் குந்தி அதே நட்டை முறுக்கிப் பார்த்தார்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. தயாரித்து வைத்திருந்த பேச்செல்லாம் படிக்கட்டிலேயே உதிர்ந்துவிட்டது.

"மூணாம்கியர்னு சொன்னா தெரியுமாங்க?"

அவர் ஸ்பானரோடு திரும்பினார். அந்தப் பெயர் அவருடைய ஆபீஸில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. "தெரியும். காலையில ஒன்பதரைக்கு வந்து மடமடன்னு கோடு போட்டுட்டுப் போயிடுவாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு" என்றவர், அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா அது? நான் யாரோ ரிட்டயர் ஆன வாத்தியாருன்னு நெனச்சுட்டிருந்தேன்."

அவள் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் கொடுத்தாள். அவர் கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். விரல் விரலாகத் துடைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார்.

"இது என்னுது."

"ஆமாங்க."

"இது?"

"அது இந்த வருஷத்துது. நான் பாத்தேன்."

அவர் இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, சின்ன ஜன்னலின் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நகர்த்தி நகர்த்திச் சரி செய்தார். இரண்டு மங்கல்களும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. இறங்கிய இடம், ஓடிய நீளம், ஏறிய இடம். மேல்தாள் நழுவியது, மறுபடி பொருத்தினார். கீழே ஏதோ ஒரு மாடியில் யாரோ லிஃப்டின் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்கும் சத்தம் லிஃப்ட் ஓடும் குழி வழியாக மேலே வந்தது.

"அன்னிக்கு அவங்க இல்லைன்னதும் நான் நம்பிட்டேம்மா. படிச்சவங்க சொல்றாங்கன்னு. அப்போ என் கண்ணுதான் தப்புன்னு ஆயிடுச்சுல்ல? அதுலேர்ந்து எதைப் பாத்தாலும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை. நட்டு முறுக்கினா திரும்ப முறுக்கறது. வீட்டைப் பூட்டினா திரும்பப் போயி இழுத்துப் பாக்கறது. என் வீட்டுக்காரம்மா சிரிப்பா." தாள்களைக் கீழே இறக்கினார். "அப்போ என் கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு."

"சரியா இருந்துச்சுங்க. ஏழெட்டு மாசம்னு நீங்க எழுதினதைப் பாத்துட்டு அந்த மேடமே ஆடிப் போயிட்டாங்க. இருநூத்தி நாப்பத்தேழு நாள்தானாம்."

அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. அது ஒரு பக்கமாகத் தொடங்கி மறுபக்கம் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எட்டு மாசமும் ஏழு நாளும்" என்றார். "ஏழெட்டுன்னு நான் ஒரு குத்துமதிப்பாத்தான் போட்டேன்."

ஆய்வாளர் கொடுத்த படிவத்தை அங்கேயே, மோட்டாரின் மூடியை மேசையாக்கி நிரப்பினார்கள். யார் பெயர் முன்னால் என்று கேட்டிருந்தது. உங்களுடையதுதான் என்று அவள் சொன்னாள். "நீங்க ரெண்டாவது தடவை பாக்கலைன்னா என்னுது வெறும் தூசும்மா" என்றார் அவர். "நீங்க மொதல்ல பாத்தீங்கல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லி, அவர் பெயரை முதலில் அவளே எழுதிவிட்டாள். எழுதும்போது உள்ளே எங்கோ ஒரு முள் குத்தத்தான் செய்தது. குத்தியதை உணர்ந்தபடியே எழுத்தைத் தெளிவாக எழுதினாள். பணிபுரியும் நிறுவனம், பல்கலைக்கழகமாக இருந்தால் துறை, என்று ஒரு கட்டம் இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் 'லிஃப்ட் மெக்கானிக்' என்று எழுதினார். அவள் அதற்குக் கீழே 'பள்ளிப் பேருந்து ஓட்டுநர்' என்று எழுதினாள்.

இறங்கும்போது அவர் லிஃப்டை இயக்கிவிட்டு, அவர்கள் இருவரையும் தானே கீழே கொண்டுபோய் விட்டார். ஐந்தாம் மாடியில் ஏறிக்கொண்ட கணவர், ஊர்க்கதை பேசியபடியே அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு வந்தார். தரைத்தளம் வந்ததும், "கீழ்வரிசையில ரெண்டு ஆடுது போலிருக்கே? எப்ப வேணா வாங்க, நல்லதாக் கட்டித் தர்றேன்" என்றார்.

முதல்வரிடம் இரண்டு பேர் என்று திருத்திச் சொன்னாள். அவர் மேடையில் இரண்டு பேர் என்றே சொன்னார். குழந்தைகள் ஒருவருக்குத் தட்டியிருக்கக்கூடிய அதே அளவுதான் கைதட்டினார்கள். அக்காவுக்கு அவளே போன் செய்தாள்.

"அப்போ நீ ரெண்டாவதா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. ரெண்டாவது."

மறுமுனையில் ஒரு ஃபைலை மூடும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா, "அந்த மொத ஆளப் போயிப் பாத்தேன்னு சொன்னியே, அதச் சொல்லு" என்றாள். அதற்கும் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் ஆனது.

அவள் பார்த்த மங்கல், அவள் கண்ணில் படுவதற்குச் சில மாதம் முன்பே பதிவானது; அடுத்த மங்கல் வருவதாகக் கணக்கிட்ட நாள் நான்கு மாதம் கழித்து வந்தது. அது ஒரு வியாழக்கிழமை. கணக்கு சரியென்றால் பகல் ஒன்று நாற்பதுக்கு வெளிச்சம் குறையத் தொடங்க வேண்டும். பூமியின் மறுபக்கத்தில் ஒரு மலையுச்சியில் அப்போது இரவு; அங்கேயுள்ள தொலைநோக்கி நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, சில நிமிடங்களுக்கு ஒரு புள்ளி என்று ஆய்வாளர் ஒரு பக்கத்தில் இட்டுக்கொண்டே வருவார். மங்கவில்லை என்றால் சுற்று இதைவிட நீண்டது; கட்டுரை காத்திருக்க வேண்டியதுதான். அவள் மதிலோர நிழலில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எட்டாம்மாடி ஏதோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவளோடு போனில் இருந்தார்.

ஒன்று நாற்பதுக்குப் புள்ளி நேராக இருந்தது. ஒன்று ஐம்பதுக்கும் நேர். இரண்டு மணிக்கும் நேர்.

"மேகம் ஏதாவது மறைக்குதோ?" என்றாள்.

"மேகம் வந்தா புள்ளி தாறுமாறா ஆடும். இது ஆடலை" என்றார் அவர். "பன்னெண்டு நட்சத்திரம் பாத்தேனே நான் அன்னிக்கு. பதினஞ்சாப் பாத்திருக்கலாமோ?"

"சும்மா இருங்கண்ணே. வருது."

இரண்டு பத்துக்கு ஒரு புள்ளி, ஒரு மயிரிழை கீழே விழுந்தது. அடுத்தது மேலே. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்கடுத்தது கீழே. அதற்கும் அடுத்தது இன்னும் கீழே.

"அண்ணே—"

"கொஞ்சம் இருங்க, இன்னொரு போன் வருது." போய்விட்டுத் திரும்பி வந்தார். மூச்சிரைத்தது. "இங்கயே நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்களாம். போய் எறக்கி விட்டுட்டு வந்துடறேன். போனைக் கட் பண்ணாதீங்க, பாக்கெட்ல போட்டுக்கறேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

சட்டைத் துணி உரசும் சத்தம். படியில் காலடிகள், சாவிக்கொத்தின் கிலுகிலுப்பு. ஒரு இரும்புக் கதவு திறந்தது. பிறகு அவருடைய குரல், ஆழமான ஏதோ ஒன்றுக்குள் பேசுவதுபோல, எதிரொலியோடு கேட்டது. "பயப்படாதீங்கம்மா. நான் மேலதான் இருக்கேன். மெதுவா எறக்கறேன், சரியா?" கீழேயிருந்து ஒரு பெண்குரல் ஏதோ பதில் சொன்னது. பிரேக் தளரும் முனகல். அதன் பிறகு எஃகுக் கயிறு நகரும் சத்தம், சீராக, அவசரமில்லாமல்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள். இரண்டு இருபத்தெட்டுக்கு ஒரு புள்ளி. இரண்டு முப்பத்திரண்டுக்கு ஒன்று, அதற்குக் கீழே. மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். இரண்டு முப்பத்தாறுக்கு ஒன்று. அவள் எண்ணிப் பார்த்தாள். கீழே இப்போது ஏழு புள்ளிகள். கடைசி இரண்டும் ஒரே மட்டத்தில் தட்டையாக நின்றன. போனுக்குள் கயிற்றின் சத்தம் நின்றது; காலடிகள் வேகமாகப் படியிறங்கின. கதவு விலகி, பூட்ஸோ செருப்போ தரையில் பதிந்தது. அந்த முகம் தெரியாத பெண், அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத குரலில், "அப்பாடா, எறங்கிட்டேன்" என்றாள். அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கட்டும் என்று, எட்டாவது புள்ளி விழுவதைப் பார்த்தபடி, அவள் காத்திருந்தாள்.